ஹார்மோன் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி என்னென்ன பார்க்கணும்? (வேலூர் பக்கம்)

பாலாறு_24
குடியாத்தம். வயசு 24, திருநங்கை. இன்னும் எந்த மாத்திரையும் தொடல. ஒருத்தங்க மாலா-டி தினம் ரெண்டு போட்டா போதும்னு சொல்றாங்க. இன்னொருத்தங்க புரோஜினோவா, ஆல்டக்டோன்னு ரெண்டு பேர் மட்டும் எழுதிக் குடுத்தாங்க, அளவு எழுதல. பி.பி.க்கு டெல்மிசார்டன் 40 ஒரு வருஷமா ஓடுது. தினம் நாலஞ்சு பீடி. டாக்டர்கிட்ட உட்கார்றதுக்கு முன்னாடி நான் என்ன தெரிஞ்சு வச்சுக்கணும்?

கோட்டை_அகழி
மாலா-டியை முதல்ல விடுங்க. அது கருத்தடை மாத்திரை. அதுல இருக்கறது எத்தினைல் எஸ்ட்ராடியால்ங்கற செயற்கைப் பெண் ஹார்மோன், மாத்திரைக்கு 0.03 மி.கி. இது சீக்கிரம் சிதையாது. ரத்தத்தை உறைய வைக்கிற புரதங்களைக் கல்லீரல் கூடுதலா சுரக்கும்படி பண்ணும். மேல பீடியும் சேர்ந்தா கெண்டைக்கால்ல ரத்தக்கட்டு, அது நகர்ந்து நுரையீரலுக்குப் போனா உயிருக்கே ஆபத்து. இன்னொண்ணு, சாதாரண எஸ்ட்ராடியால் டெஸ்ட்ல இந்த மருந்து கணக்குக்கே வராது. அதனால அளவு கூடுதா குறையுதான்னு கண்காணிக்கவும் வழி இல்ல.

புரோஜினோவா வேற ஜாதி. எஸ்ட்ராடியால் வேலரேட். உள்ளே போனதும் உடம்பு தானா சுரக்கிற அதே எஸ்ட்ராடியாலா மாறிடும். வழக்கமா நாளுக்கு 2 மி.கி.ல ஆரம்பிச்சு, ரிப்போர்ட் பார்த்து 6 வரைக்கும் ஏத்துவாங்க. இலக்கு ஒரு மில்லி லிட்டர் ரத்தத்துல எஸ்ட்ராடியால் 100–200 பிகோகிராம், ஆண் ஹார்மோன் டெஸ்டோஸ்டிரோன் ஒரு டெசி லிட்டர்ல 50 நானோகிராமுக்குக் கீழே.

ஆல்டக்டோன்னா ஸ்பைரோனோலாக்டோன், டெஸ்டோஸ்டிரோனோட வேலையைத் தடுக்கக் குடுக்கறது. உங்க கேஸ்ல எனக்கு நிஜமா கவலை தர்றது டெல்மிசார்டனும் ஆல்டக்டோனும் சேர்றதுதான். ரெண்டுமே பொட்டாசியத்தைச் சிறுநீர்ல போகவிடாம பிடிச்சு வைக்கும். ரத்தத்துல 3.5லேர்ந்து 5 வரைக்கும் இருக்க வேண்டியது. 5.5ஐத் தாண்டினா இதயத்துடிப்பு தாறுமாறா ஆகலாம், அதுவும் முன்னாடி எந்த அறிகுறியும் காட்டாம. டாக்டர்கிட்ட முதல் வார்த்தையா இதைச் சொல்லுங்க. பி.பி. மாத்திரையை மாத்துவாரு, இல்ல ஆல்டக்டோனையே தவிர்ப்பாரு. ஆல்டக்டோன் தானே பி.பி.யைக் குறைக்கும்ங்கறதும் கணக்குல வரணும். நீங்களா எதையும் நிறுத்தாதீங்க.

ஆல்டக்டோன் குடுத்தா கிரியேட்டினின் (சிறுநீரகம் எப்படி இருக்குன்னு காட்டறது), பொட்டாசியம் டெஸ்ட் முன்னாடி ஒரு தடவை, ஒண்ணு ரெண்டு வாரத்துல மறுபடி, டோஸ் ஏத்தும்போதெல்லாம் மறுபடி. நம்ம ஊர் வெயில்ல எல்லாரும் இளநீர் குடிக்கச் சொல்லுவாங்க. அது பொட்டாசியம் நிறைஞ்சது. "பி.பி.க்கு நல்லது"ன்னு விக்கிற சோடியம் குறைச்ச உப்பு அதைவிட மோசம், அதுல சோடியத்துக்குப் பதிலா பொட்டாசியம் குளோரைடு கலந்திருக்கும். கத்திரி வெயில்ல வாந்தி பேதி வந்தா அன்னிக்கே டாக்டரைக் கேளுங்க.

பாலாறு_24
உப்பு விஷயம் தெரியவே தெரியாது அக்கா, வீட்ல அதுதான் இருக்கு. குரல் மாறுமா? மாற்றம் தெரிய எவ்வளவு நாளாகும்? மாத்திரையை நாக்குக்கு அடியில வைக்கலாமா?

கோட்டை_அகழி
குரல் மாறாது. உடைஞ்ச குரலை எஸ்ட்ரோஜன் திருப்பிக் கொண்டு வராது, அதுக்குக் குரல் பயிற்சிதான். தாடி முடி மெலியும், போகாது. லேசர் கறுப்பு முடிக்கு வேலை செய்யும், நரைச்சதுக்கு எலக்ட்ராலிசிஸ். தோல் மிருதுவாக, மார்புல மொட்டு மாதிரி கட்டி வலிக்க ஆரம்பிக்க 3–6 மாசம். மார்பு முழுசா வளர 2–3 வருஷம். டோஸைக் கூட்டினா சீக்கிரம் வளராது, ரத்தக்கட்டு அபாயம்தான் கூடும். வளர்ந்த மார்பு மாத்திரையை நிறுத்தினாலும் போகாது. அதை முன்கூட்டியே யோசிச்சுக்கோங்க.

குழந்தை வேணும்னு எப்பவாவது தோணலாம்னா முதல் மாத்திரைக்கு முன்னாடியே விந்து உறைய வச்சிடுங்க. அப்புறம் திரும்பி வருமான்னு உறுதி கிடையாது. அதே சமயம் ஹார்மோன் கருத்தடையும் இல்ல.

சத்துவாச்சாரி_மருந்துக்கடை
டெஸ்ட் லிஸ்ட்: ரத்த அணுக்கள், கல்லீரல், கிரியேட்டினின், பொட்டாசியம், கொழுப்பு, சர்க்கரை, எஸ்ட்ராடியால், டெஸ்டோஸ்டிரோன், புரோலாக்டின். முதல் வருஷம் 3 மாசத்துக்கு ஒருமுறை, அப்புறம் வருஷத்துக்கு ஒண்ணு ரெண்டு.

முடி கொட்டுதுன்னு பயோட்டின் போடறவங்க டெஸ்டுக்கு ரெண்டு மூணு நாள் முன்னாடி நிறுத்தணும். சில மெஷின்ல எஸ்ட்ராடியாலும் டெஸ்டோஸ்டிரோனும் பொய்யா ஏறிக் காட்டும். நாக்குக்கு அடியில வச்சா ஒண்ணு ரெண்டு மணி நேரத்துல அளவு சட்டுன்னு ஏறி இறங்கிடும். அப்ப ரத்தம் எடுத்தா 400ன்னு வரும், சாயந்திரம் 60ன்னு வரும், ரெண்டும் நிஜம்தான். எப்ப போட்டீங்க, எப்ப ரத்தம் எடுத்தாங்கன்னு ரிப்போர்ட் மேலேயே பேனாவால எழுதிடுங்க. லேபையும் மாத்தாதீங்க. சில லேப்ல பிகோமோல் கணக்குல போடுவாங்க, 3.67ஆல வகுத்தா பிகோகிராம்.

டெஸ்டோஸ்டிரோனைக் குறைக்க சைப்ரோடெரோன் எழுதினா: 50 மி.கி. மாத்திரையை முழுசா போடறது பழைய வழக்கம். திருநர் சிகிச்சைக்கான 2022 சர்வதேச வழிகாட்டி (WPATH) சொல்றது நாளுக்கு 10 மி.கி. கால் மாத்திரைன்னா 12.5. வருஷக்கணக்கா அதிக டோஸ் போனா மூளை உறையில கட்டி வர்ற வாய்ப்பு ஏறுது.

காட்பாடி_3ஆம்_பிளாட்பாரம்
திருநம்பிகள் இதைப் படிச்சா: சஸ்டனான் 250ங்கற டெஸ்டோஸ்டிரோன் ஊசி மல்லாட்டை (நிலக்கடலை) எண்ணெய்ல கரைச்சது. மல்லாட்டை தின்னா அரிப்பு, மூச்சுத்திணறல் வர்ற ஆளுக்கு அது ஆகாது, கேட்காமலே போட விடாதீங்க. ஹீமட்டோகிரிட் (ரத்தத்துல சிவப்பணுக்களோட சதவீதம்) 54ஐத் தாண்டினா டோஸைக் குறைக்கணும். லேப்ல "பெண்"ணுன்னு பதிஞ்சா சாதாரண 47கூட சிவப்புல வரும், அதைப் பார்த்து பதறாதீங்க. குரல் உடைஞ்சா திரும்பாது. மாதவிலக்கு நின்னாலும் கரு தங்கலாம், டெஸ்டோஸ்டிரோன் கருவைப் பாதிக்கும்.

எங்க போறதுன்னா, வேலூர் சிஎம்சி ஆஸ்பத்திரில எண்டோகிரைனாலஜி (ஹார்மோன்) பிரிவு இருக்கு. சென்னை ராஜீவ் காந்தி அரசுப் பொது மருத்துவமனையில பாலின வழிகாட்டு கிளினிக் இருக்கு, சென்ட்ரல்ல இறங்கினா எதிர்ல. அந்த 2022 வழிகாட்டிப்படி பெரியவங்களுக்கு ஹார்மோன் ஆரம்பிக்க ஒரு தகுதியான நிபுணரோட மதிப்பீடு போதும்.

பாலாறு_24
டெல்மிசார்டன் அட்டையையும் உப்பு பாக்கெட்டையும் கையோட எடுத்துட்டுப் போறேன். பீடி?

கோட்டை_அகழி
டாக்டர் கேக்கறதுக்கு முன்னாடி நீங்களே சொல்லுங்க. பீடியை விடறவரைக்கும் மாத்திரைக்குப் பதிலா தோல்ல தடவற எஸ்ட்ராடியால் ஜெல் குடுக்கலாம், அது கல்லீரல் வழியா முதல்ல போகாது, ரத்தக்கட்டு வாய்ப்பு குறைவு. வியர்வை காஞ்ச தோல்ல தடவி, உலர்ந்த பிறகு சட்டை. ஒரு கால் மட்டும் வீங்கி வலிச்சா, இல்ல திடீர்னு மூச்சு வாங்கினா, ஓபி சீட்டுக்கு நிக்காதீங்க. நேரா எமர்ஜென்சி.