டிபிஓ ஆன்டிபாடி 480: மூன்று மாதத்துக்கு ஒருமுறை திரும்பப் பார்க்க வேண்டுமா?

கேள்வி: இருபிள்ளைத்தாய்

என் மகனுக்கு 16 வயது. 9 வயதிலிருந்து டைப் 1 சர்க்கரை. வருடா வருடம் பார்க்கும் தைராய்டு டெஸ்டில் இந்த முறை டிஎஸ்எச் (தைராய்டைத் தூண்டும் ஹார்மோன்) 7.8, அதிகம். தைராய்டு சுரக்கும் ஃப்ரீ டி4 சரியாக இருக்கிறது. டிபிஓ ஆன்டிபாடி (தைராய்டுக்கு எதிராக உடம்பே உண்டாக்கும் எதிர்ப்பொருள்) மட்டும் 480. லேப் போட்டிருக்கும் எல்லை 34. அந்த எண்ணைப் பார்த்ததிலிருந்து எனக்குத் தூக்கமில்லை. தைராய்டு மாத்திரை தைராக்சின் 25 மைக்ரோகிராம் எழுதியிருக்கிறார்கள், நாளைக் காலை ஆரம்பிக்கணும். 480 குறைகிறதா என்று அடிக்கடி பார்க்க வேண்டுமா?

இன்னொன்று, இதோடு சம்பந்தம் உண்டா தெரியவில்லை. போன வருடம் நாளுக்கு 42 யூனிட் இன்சுலின் போட்டவனுக்கு இப்போது 30 போட்டாலே விடிகாலையில் சர்க்கரை 60-க்கு இறங்குகிறது. கட்டுக்குள் வருகிறதென்று சந்தோஷப்பட்டேன். ஆனால் ஆள் இளைத்துவிட்டான், எந்நேரமும் படுத்தே கிடக்கிறான்.

பதில்: ஹாஷிமோட்டோ11

வேண்டாம் அக்கா. எனக்கு முதலில் 900, பிறகு 640, பிறகு 1,100. மூன்று தடவையும் அதைப் பார்த்து மாத்திரை அளவை யாரும் மாற்றவில்லை; டிஎஸ்எச் பார்த்துத்தான் மாற்றினார்கள். தைராய்டு ஏன் கெடுகிறது என்பதை ஆன்டிபாடி ஒருமுறை சொல்லிவிட்டால் போதும்.

பதில்: ரத்தக்குழாய்க்காரன்

18 வருடமாக லேப் டெக்னீஷியன். அம்மா, நீங்கள் ‘இன்னொன்று’ என்று போகிறபோக்கில் எழுதியதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது. மாத்திரை கொடுக்கும் முன் டாக்டருக்குப் போன் போட்டு, இன்சுலின் குறைந்ததை அப்படியே சொல்லுங்கள். “கார்டிசால் பார்க்கலாமா?” என்று கேளுங்கள்.

கணையத்தைத் தாக்கிய அதே எதிர்ப்புச் சக்தி தைராய்டைத் தொடுவது சகஜம். அபூர்வமாக, சிறுநீரகத்தின் மேல் இருக்கும் அட்ரீனல் சுரப்பியையும் தொடும். அதுதான் அடிசன் நோய். கார்டிசால் என்பது அட்ரீனல் சுரக்கும், சர்க்கரையை ஏற்றிப் பிடிக்கும் ஹார்மோன். அது வற்றினால் இன்சுலின் தேவை தானாகக் குறையும். அந்த நிலையில் தைராக்சின் போனால், மிச்சமிருக்கும் கார்டிசாலும் வேகமாகச் செலவாகி ஆளையே சாய்த்துவிடும். கார்டிசால் குறைவே டிஎஸ்எச்சைக் கொஞ்சம் ஏற்றியும் காட்டும்.

உள்ளங்கைக் கோடு, விரல் முட்டி, ஈறு கறுத்திருக்கிறதா? உப்பைத் தேடுகிறானா? வாந்தியோ மயக்கமோ வந்தால் டெஸ்டுக்குக் காத்திருக்காதீர்கள், உடனே அவசரப் பிரிவு.

ரத்தம் காலை 8 மணி வாக்கில் எடுக்க வேண்டும். மாலையில் கார்டிசால் யாருக்கும் குறைவுதான், அந்த ரிப்போர்ட்டை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. டெசிலிட்டருக்கு 3 மைக்ரோகிராமுக்குக் கீழே வந்தால் சந்தேகம் பலமாகிறது. நடுவாந்தரமாக வந்தால், அட்ரீனலைத் தூண்டும் ஏசிடிஎச் ஹார்மோன் ஊசி 250 மைக்ரோகிராம் போட்டு 30, 60 நிமிடத்தில் திரும்ப எடுப்பார்கள். உடம்பிலுள்ள ஏசிடிஎச் அளவுக்கான சாம்பிள் ஊதா மூடிக் குழாயில், ஐஸில் போக வேண்டும். மேசையில் கிடந்தால் சிதைந்து பொய்யாகக் குறைத்துக் காட்டும். எடுப்பவரிடம் ஐஸ் இருக்கிறதா என்று கூச்சப்படாமல் கேளுங்கள். சோடியம், பொட்டாசியம், அட்ரீனலுக்கு எதிரான 21-ஹைட்ராக்சிலேஸ் ஆன்டிபாடியும் சேர்த்துக் கேட்கலாம். முடிக்காக பயோட்டின் சாப்பிடுகிறானா, ஸ்டீராய்டு இன்ஹேலரோ களிம்போ உண்டா என்பதையும் சொல்லிவிடுங்கள். பயோட்டின் சில மெஷின்களில் டிஎஸ்எச்சையே தப்பாகக் காட்டும்.

இருபிள்ளைத்தாய் (12 நாள் கழித்து)

விரல் முட்டி கறுத்திருந்தது. வெயில் என்று நினைத்திருந்தேன். ஊறுகாய் ஜாடியை அவன் காலி செய்ததையும் வயசுப் பசி என்றே நினைத்தேன். கார்டிசால் 2.1. ஏசிடிஎச் எல்லையைத் தாண்டி எங்கேயோ இருந்தது, 21-ஹைட்ராக்சிலேஸ் பாசிட்டிவ். கார்டிசாலுக்கு ஈடாக ஹைட்ரோகார்டிசோன் முதலில், கூடவே உடம்பில் உப்பைப் பிடித்துவைக்க ஃப்ளூட்ரோகார்டிசோன். தைராக்சினை நிறுத்திவைத்து, சில வாரம் கழித்து டிஎஸ்எச் பார்த்து முடிவு செய்வார்களாம். தம்பி, நேற்று அவன் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனான். வாசலிலேயே நின்றேன்.

சின்னவளுக்கு 11. அவளுக்கும் ஏதாவது பார்க்கலாமா?

ரத்தக்குழாய்க்காரன்

படித்ததும் மனசு நிறைந்தது அம்மா. பாப்பாவுக்கு டைப் 1 சர்க்கரை வருமா என்று பார்க்க ஜிஏடி, ஐஏ-2, இன்சுலின் ஆன்டிபாடி, சிங்க் டிரான்ஸ்போர்ட்டர் 8 என்று நான்கு ஆன்டிபாடி டெஸ்ட் உண்டு. அவள் இன்சுலின் ஊசி போட்டதில்லை என்பதால் இன்சுலின் ஆன்டிபாடியையும் நம்பலாம். அண்ணனுக்கு இனி அதற்கு அர்த்தமில்லை, போடும் ஊசிக்கே அது உருவாகும். ஒன்று மட்டும் பாசிட்டிவ் வந்தால் பதற வேண்டாம், திரும்ப எடுத்து உறுதி செய்யட்டும். இரண்டோ அதற்கு மேலோ வந்தால், சர்க்கரை சரியாக இருந்தாலும் நோய் உள்ளே தொடங்கிவிட்டது என்று கணக்கு. அவளுடைய டாக்டரிடம் இதைக் கேளுங்கள்.