மறு: ‘வேக அடர்த்தி’ சரியா?

வணக்கம். எஞ்சினுக்குள் எவ்வளவு காற்று போகிறது என்று அறிந்து அதற்கேற்பப் பெட்ரோலை விடும் முறைகளுக்குத் தமிழ்ப்பெயர் தேடுகிறோம். அவற்றில் ஒன்று ஸ்பீடு டென்சிட்டி. அதைப் பற்றி நீங்கள் கேட்டது:

> ஸ்பீடு டென்சிட்டி = வேக அடர்த்தி. சுருக்கமாக இருக்கிறது, இதையே வைத்துக்கொள்ளலாமே?

சுருக்கம்தான். ஆனால் எதன் வேகம், எதன் அடர்த்தி? புதிதாகப் படிப்பவர், காற்று வேகமாக வந்தால் அடர்த்தி கூடும் என்றுதான் எடுத்துக்கொள்வார். உண்மையில் வேகம் எஞ்சினுடையது, அடர்த்தி மானிஃபோல்டில் (காற்றைச் சிலிண்டர்களுக்குப் பிரித்துவிடும் குழாயில்) இருக்கும் காற்றினுடையது. ஆங்கிலத்திலேயே அரைகுறையாக வைத்த பெயர் இது.

இந்த முறை காற்றை அளப்பதே இல்லை, கணக்குப் போடுகிறது. 500 சிசி சிலிண்டர் ஒன்று. மானிஃபோல்டில் தனி அழுத்தம் (வெற்றிடத்தைச் சுழியாக வைத்து அளப்பது) 2 பார், காற்று 40 டிகிரி செல்சியஸ், சிலிண்டர் 90 சதவீதம் நிரம்புகிறது என்று வைப்போம். உள்ளே போவது ஏறக்குறைய 1 கிராம் காற்று. அதே அழுத்தத்தில் காற்று 80 டிகிரிக்குச் சூடேறினால் 0.89 கிராம்தான். காற்றை அழுத்தி உள்ளே தள்ளும் டர்போவில் சூடான காற்றைக் குளிர்விப்பது இன்டர்கூலர்; வெப்பநிலை சென்சாரை அதற்கு முன்னால் மாட்டினால் கணக்கே தப்பாகிவிடும். அதனால் என் பரிந்துரை: அழுத்தவழிக் கணிப்பு.

இன்னொரு முறைக்கு, அதாவது சூடான கம்பி வைத்து உள்ளே வரும் காற்றைப் பார்ப்பதற்கு, ஓட்ட அளவீடு. ‘கம்பி குளிர்வதை வைத்துத்தானே அதுவும் கணிக்கிறது’ என்று யாராவது கேட்பீர்கள். சரிதான். ஆனால் அதற்கு எஞ்சினைப் பற்றி எதுவும் தெரிய வேண்டியதில்லை. கேம்ஷாஃப்டை மாற்றினாலும் தன் வழியே போகும் காற்றைச் சரியாகவே சொல்லும். அழுத்தவழிக் கணிப்பிலோ சிலிண்டர் எத்தனை சதவீதம் நிரம்பும் என்ற அட்டவணையைத் திருத்தியாக வேண்டும்.

இந்த அளவீடு, கணிப்பு வேறுபாட்டை டர்போ எஞ்சினில் கண்ணாலேயே பார்க்கலாம். ஓட்ட அளவி பெரும்பாலும் டர்போவுக்கு முன்னால் இருக்கும். இன்டர்கூலர் குழாய் கழன்றுகொண்டால், அளந்து கணக்கில் சேர்த்த காற்று வெளியே போய்விடும். பெட்ரோல் மட்டும் முழுதாக இறங்கும், கரும்புகைதான். ஒருமுறை இதைப் பார்த்துவிட்டு இன்ஜெக்டரைக் கழற்றி நேரத்தை வீணடித்திருக்கிறேன். கோளாறு ஒரு தளர்ந்த கிளாம்ப். த்ராட்டிலை (காற்றுவழியைத் திறந்து மூடும் தகட்டை) மூடும்போது ப்ளோ-ஆஃப் வால்வு மிஞ்சிய காற்றை வெளியே விட்டாலும் ஒரு நொடிக்கு இதே கதைதான். அழுத்தவழிக் கணிப்பில் அப்படி இல்லை: கழன்ற குழாயால் அழுத்தம் விழும், பெட்ரோலும் கூடவே குறையும், வண்டி வலுவில்லாமல் போகும், அவ்வளவே.

த்ராட்டில் கோணத்தையும் எஞ்சின் சுழற்சி வேகத்தையும் மட்டும் வைத்துப் போடும் ஆல்ஃபா-என் முறைக்கு திறப்புவழிக் கணிப்பு என்று சொல்லிவிடலாம். டர்போவுக்கு இது சரிப்படாது. ஒரே கோணம், ஒரே சுழற்சி என்றாலும் டர்போ எவ்வளவு வேகம் பிடித்திருக்கிறது என்பதைப் பொறுத்துப் பூஸ்ட் (அது கூட்டித் தரும் அழுத்தம்) மாறும். பெல்ட்டில் ஓடும் சூப்பர்சார்ஜரில் பூஸ்ட் சுழற்சியோடு சேர்ந்தே ஏறி இறங்குவதால் ஓரளவு தாங்கும்.

> ‘காற்று நிறை அளவி’ ஏற்கெனவே இருக்கிறதே?

சூடான கம்பிக் கருவிக்கு அந்தப் பெயர் இருக்கிறது, சிக்கலும் இருக்கிறது. தமிழ்நாட்டுப் பாடநூலில் நிறை என்றால் மாஸ்; இலங்கைப் பாடநூலில் நிறை என்றால் வெயிட், மாஸுக்குத் திணிவு. மாஸைக் குறிக்கும் சொல்லே வேண்டாம் என்று விட்டுவிடவும் முடியாது. 1970களில் வந்த, போஷ் நிறுவனத்தின் பெட்ரோல் செலுத்தும் அமைப்பான எல்-ஜெட்ரானிக்கில் இருந்த மடிப்புத்தகடு காற்றின் கனஅளவைத்தான் பார்த்தது, சூடான கம்பி மாஸைப் பார்க்கிறது. இரண்டுக்கும் தனிப்பெயர் வேண்டும். நான் திணிவோட்ட அளவி பக்கம். தமிழ்நாட்டில் பலருக்குத் திணிவு புதிதாக இருக்கும். தெரியாத சொல் என்றால் தேடிப் பார்ப்பார்கள். தெரிந்த சொல்லைத் தவறாகப் படித்தால் தேடவே மாட்டார்கள்.

போஷ் வைத்த பெயர்களையும் பாருங்கள். 1967இல் வந்தது டி-ஜெட்ரானிக். டி என்பது ‘ட்ருக்’, ஜெர்மனில் அழுத்தம். எல் என்பது ‘லுஃப்ட்’, காற்று. எதைப் பார்க்கிறது என்பதை வைத்தே பெயர். நான் கேட்பதும் அதுதான்.

அப்புறம், சிலிண்டர் எத்தனை சதவீதம் காற்றால் நிரம்புகிறது என்பதைச் சொல்லும் வால்யூமெட்ரிக் எஃபிஷியன்சிக்குக் ‘கொள்ளளவுத் திறன்’ என்று ஓடிக்கொண்டிருக்கிறது. தொட்டியின் அளவைச் சொல்வது போல இருக்கிறது. நிரம்புதிறன் எப்படி? வெளிக்காற்றை அடிப்படையாக வைத்தால் பூஸ்டில் இது 100 சதவீதத்தைத் தாண்டும். ‘நிரம்பு’ என்ற சொல் அதற்கு இடம் கொடுக்குமா என்பதில் மட்டும் எனக்குத் தயக்கம். உங்கள் கருத்தை எழுதுங்கள்.

அன்புடன்