கையில் புத்தகம் இருந்தால் கவிதை கெட்டுவிடுமா?

சித்திரைச்செல்வி:
நம் குழுமத்தின் பக்கத்துத் திரியில் வைகைக்கரைப் புலவர் ஐயா நேற்று ஒரு வாக்கியம் எழுதியிருக்கிறார். "புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு கவிதை சொல்வது, இலையைப் பார்த்துவிட்டுச் சாப்பிட்டேன் என்பதைப் போல." எழுபத்து மூன்று பேர் விருப்பம் வேறு போட்டிருக்கிறார்கள். படித்ததிலிருந்து எனக்கு வயிறு எரிகிறது. அதனால்தான் தனித் திரி.

எங்கள் ஊர்ப் பள்ளியில் செப்டம்பர் 11, மகாகவி நாளன்று நூலக அறையில் கவிதை வாசிப்பு விழா வைத்தார்கள். என் அக்கா மகள் ஏழாம் வகுப்பு. காணி நிலம் பாட்டைச் சொன்னாள். நூலகப் பீரோவிலிருந்து அவளே தேடி எடுத்த பாரதியார் கவிதைகள், காக்கி அட்டை போட்டது, கையில் இருந்தது. மூடித்தான் வைத்திருந்தாள். ஒரு சொல் தடுமாறவில்லை. கடைசியில் "கையில் புத்தகம் வைத்திருந்ததால் மதிப்பெண் இல்லை" என்று சொல்லிவிட்டார்கள். முதல் பரிசு வாங்கிய பையன் "பத்துப் பதினைந்து தென்னைமரம்" என்று சொன்னான். பாரதி கேட்டது பத்துப் பன்னிரண்டு. மூன்று மரம் கூட நட்டவனுக்குப் பரிசு, புத்தகத்தைத் தொட்டவளுக்கு இல்லை. பரிசு என்ன தெரியுமா? எவர்சில்வர் டப்பா. நூலக விழாவில்!

வைகைக்கரைப் புலவர்:
அம்மையீர், நடுவர் மூவரில் நானும் ஒருவன் என்பது உங்களுக்குத் தெரியும். தெரிந்தே அதைச் சொல்லாமல் எழுதியிருக்கிறீர்கள். சரி, நானே சொல்லிக்கொள்கிறேன்.

புத்தகம் மூடியிருந்தது என்பது உண்மையன்று. சுட்டுவிரல் உள்ளே இருந்தது. விரல் வைத்த புத்தகம் திறந்த புத்தகமே. முப்பத்து நான்கு ஆண்டு தமிழ் சொல்லிக் கொடுத்தவனுக்கு இது தெரியாதா? இரண்டு வரிக்கு ஒருமுறை அந்தப் பிள்ளையின் கண் கீழே போனது. பாணன் யாழைத்தான் கையில் வைத்திருந்தான், ஓலையை அல்ல. நெஞ்சில் இருப்பதுதான் கவிதை.

சித்திரைச்செல்வி:
கண் கீழே போனது வெட்கத்தில் ஐயா. முன்னால் நூறு பேர் உட்கார்ந்திருந்தால் பன்னிரண்டு வயதுப் பிள்ளை வேறு எங்கே பார்க்கும்? விரல் உள்ளே இல்லை. நான் இரண்டாவது வரிசை.

வைகைக்கரைப் புலவர்:
நான் முதல் வரிசை. விரல் உள்ளே இருந்தது.

அட்டைப்பெட்டி:
நான் வேறு மாவட்டம். எங்கள் பள்ளியில் கணக்கு டீச்சர், கூடவே நூலகப் பொறுப்பும். நூலகர் என்று தனியாக யாரும் இல்லை, சாவி என் கைப்பையில். அதனால் இரண்டு வார்த்தை.

விழாவின் பெயரே கவிதை வாசிப்பு. வாசிப்புக்கும் ஒப்புவித்தலுக்கும் வித்தியாசம் இல்லையா? எது என்று முதலில் முடிவு செய்துவிட்டுச் சண்டை போடலாமே. சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன் 1931இல் நூலகத்துக்கு ஐந்து விதிகள் எழுதினார். முதல் விதியே நூல்கள் பயன்பாட்டுக்கு என்பதுதான். பழைய காலத்தில் ஐரோப்பாவில் புத்தகங்களைச் சங்கிலி போட்டுக் கட்டி வைத்திருந்த கதையையும் அதில் சொல்கிறார். அவரும் முதலில் கணக்கு வாத்தியார்தான், 1924இல்தான் சென்னைப் பல்கலைக்கழக நூலகத்துக்குப் போனார் (இதைச் சொல்லிக்கொள்வதில் எனக்கு ஒரு தனி சந்தோஷம்). நூலக அறைக்குள் ஒரு பிள்ளை நூலைக் கையில் எடுத்ததற்கு மதிப்பெண் குறைத்தார்கள் என்றால் மனிதர் என்ன சொல்லியிருப்பார்?

வைகைக்கரைப் புலவர்:
விரல் உள்ளே இருந்ததா என்று கேட்டிருப்பார்.

சும்மா வந்தவன்:
😂 புலவர் ஐயா முதல் தடவையாகச் சிரிக்க வைத்துவிட்டார். என் சந்தேகம் ஒன்றே ஒன்று. விரல் உள்ளே இருந்தது சரி, சரியான பக்கத்தில் இருந்ததா?

வைகைக்கரைப் புலவர்:
தம்பி, போன ஆண்டு திருக்குறள் திரியில் "அகர முதல" என்பதை "அகற" என்று எழுதிவிட்டுத் தட்டச்சுப் பிழை என்று மழுப்பியவர் நீங்கள். உங்களுக்கு நான் பதில் சொல்வதாக இல்லை.

சும்மா வந்தவன்:
பதில் சொல்வதாக இல்லை என்று சொல்வதும் பதில்தான் ஐயா. அது தட்டச்சுப் பிழையேதான். கைபேசியில் கட்டைவிரல் சறுக்கிவிட்டது. இன்றைக்குத்தான் விரல் எவ்வளவு பெரிய விஷயம் என்று புரிகிறது.

தென்னந்தோப்பு:
விரலை விடுங்கள். அந்தப் பையன் பதினைந்து என்று சொன்னதை யாரும் கண்டுகொள்ளவில்லையே. காணி என்பது 24 மனை. மனைக்கு 2400 சதுர அடி, ஆக 57,600 சதுர அடி, ஏறத்தாழ 1.32 ஏக்கர். இருபத்தைந்து அடிக்கு ஒரு கன்று வைத்தால் தொண்ணூறு மரம் தாராளமாக நிற்கும். பாரதி கேட்டதோ பத்துப் பன்னிரண்டு. ஏன்? மாளிகை வேண்டும், கேணி வேண்டும், நிலா வெளிச்சம் தரையில் விழ வேண்டும், குயில் சத்தம் காதில் பட வேண்டும். அடைத்து நட்டால் நிலா எங்கே விழும்? தோப்பு வைத்திருப்பவனுக்கு அந்த எண்ணின் அருமை தெரியும். அதைக் கோட்டை விட்டவனுக்கு முதல் பரிசு!

வைகைக்கரைப் புலவர்:
பதினைந்து என்று சொன்னது நாப்பிழை. புத்தகம் வைத்திருந்தது விதிப்பிழை. நாப்பிழைக்கு அரை மதிப்பெண் குறைத்தோம். விதிப்பிழைக்கு மன்னிப்பில்லை.

தென்னந்தோப்பு:
மூன்று தென்னைக்கு அரை மதிப்பெண்ணா? இப்போது ஒரு இளநீர் என்ன விலை என்று தெரியுமா உங்களுக்கு?

பழைய கோப்பு:
எல்லாரும் செப்டம்பர் 11 என்றே எழுதிக்கொண்டிருக்கிறீர்கள். பாரதியின் உயிர் பிரிந்தது நள்ளிரவு தாண்டி, அதாவது 1921 செப்டம்பர் 12 அதிகாலை. மாநகராட்சி இறப்புப் பதிவிலும் 12தான். தேதியே தப்பான விழாவில் விரல் எங்கே இருந்தால் என்ன?

அட்டைப்பெட்டி:
2021இல் நூற்றாண்டின்போது அரசு செப்டம்பர் 11ஐ மகாகவி நாள் என்று அறிவித்தது. பள்ளிகள் அதைத்தான் பின்பற்றும். இங்கே அதுவா பேச்சு?

பழைய கோப்பு:
அரசு அறிவித்தால் இறந்த தேதி மாறிவிடுமா அம்மா? பிறந்த நாள் டிசம்பர் 11, அதில் யாருக்கும் தகராறு இல்லை. அன்றைக்கு வைத்துக்கொள்ளலாமே விழாவை. கேட்டால் அரையாண்டுத் தேர்வு நேரம் என்பார்கள்.

வைகைக்கரைப் புலவர்:
திரியைத் திசைதிருப்ப வேண்டாம். விரலுக்கு வருவோம்.

அந்தப் பிள்ளையைக் குறை சொல்வது என் நோக்கமன்று. என் தலைமுறையில் பள்ளி விட்டு வீடு வருவதற்குள் நாற்பது குறள் சொல்லிக்கொண்டே நடந்தோம். இன்றைக்கும் அதிகாலையில் நாலு மணிக்கு எழுப்பிக் கேளுங்கள், வரிசையாகச் சொல்வேன். 1330 குறளையும் முற்றோதல் செய்யும் மாணவர்களுக்கு அரசே பரிசுத்தொகை கொடுக்கிறது. புத்தகத்தைப் பார்த்து வாசித்தவர்களுக்கா கொடுக்கிறது? மனப்பாடம் என்றாலே இன்று கேலி. நாளைக்குக் கண்ணாடி தொலைந்தால் உங்கள் வாசிப்பு எங்கே போகும்?

அட்டைப்பெட்டி:
ஏடு செல்லரித்தால் உங்கள் மனப்பாடம் எங்கே போயிற்று ஐயா? மனப்பாடத்தை மட்டும் நம்பியிருந்தால் உ.வே.சா. ஏடு தேடி ஊர் ஊராக அலைந்திருக்க வேண்டாமே. புறநானூற்றை அவர் 1894இல் அச்சில் கொண்டு வந்தார். அதற்கு முன்னால் அதை ஒப்பிக்க எத்தனை பேர் இருந்தார்கள்? பாணன் யாழ் வைத்திருந்தான் என்கிறீர்களே, பாணன் பாடியது நமக்குத் தெரிவதே யாரோ ஓலையில் எழுதி வைத்ததால்தான். உ.வே.சா.வின் ஆசிரியர் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை செய்யுளைச் சொல்லிக்கொண்டே போவார், கூட இருக்கும் மாணவர்கள் ஏட்டில் எழுதுவார்கள். அந்த ஏட்டைப் பிடித்திருந்த கைக்கு எத்தனை மதிப்பெண் குறைப்பீர்கள்?

வைகைக்கரைப் புலவர்:
உ.வே.சா.வுக்கும் இந்த விரலுக்கும் என்ன தொடர்பு? அவர் போட்டியிலா கலந்துகொண்டார்?

அட்டைப்பெட்டி:
இதற்கு மேல் நான் என்ன சொல்ல. ஒன்று மட்டும் சொல்லிவிட்டுப் போகிறேன். எங்கள் பீரோவில் எண்ணூறு புத்தகம் இருக்கிறது. தணிக்கையில் ஒன்று குறைந்தாலும் பொறுப்பு டீச்சர்தான் பதில் சொல்ல வேண்டும். அந்தப் பயத்தில் இரண்டு வருஷம் நானும் பூட்டித்தான் வைத்திருந்தேன், ஒத்துக்கொள்கிறேன். திறந்து விட்ட முதல் வாரம் ஆறாம் வகுப்புப் பையன் ஒருவன் அழ. வள்ளியப்பா பாட்டுப் புத்தகத்தை எடுத்துப்போய் மாட்டுக் கொட்டகையில் வைத்து, ஓரத்தில் கன்றுக்குட்டி மென்ற தடத்தோடு திருப்பிக் கொடுத்தான். திட்டலாம் என்று வாயைத் திறப்பதற்குள் நாலு பாட்டுச் சொல்லிவிட்டான். யாரும் போட்டி வைக்கவில்லை. இதை நீங்கள் வாசிப்பு என்பீர்களா, மனப்பாடம் என்பீர்களா?

சும்மா வந்தவன்:
கன்றுக்குட்டியும் வாசித்திருக்கிறது. அதுவும் பார்த்துத்தான். பரிசு உண்டா?

தென்னந்தோப்பு:
வீட்டு வரியோடு நூலக வரி என்று பத்து சதவீதம் வருஷா வருஷம் கட்டுகிறோம். அந்தப் பணத்தில் ஒரு பள்ளிக்கு ஒரு நூலகர் போட முடியாதா?

பழைய கோப்பு:
அது 1948 பொது நூலகச் சட்டப்படி வசூலிக்கும் வரி. பொது நூலகங்களுக்குப் போகிறது. பள்ளி நூலகத்துக்கு அல்ல. எதையும் சரிபார்க்காமல் எழுதுவது இந்தக் குழுமத்தில் வழக்கமாகிவிட்டது.

தென்னந்தோப்பு:
சரிபார்க்கிற வேலைக்குத்தான் நீங்கள் இருக்கிறீர்களே. இறந்தவருக்குத் தேதி, இருப்பவருக்கு வரி.

சித்திரைச்செல்வி:
ஒரு விஷயம். இன்று பள்ளி விட்டு வந்தவளிடமே கேட்டேன். "விரல் வைத்திருந்தாயா?" அவள் சொன்னாள்: "வைத்திருந்தேன் சித்தி. ஆனால் அது காணி நிலம் பக்கம் இல்லை. அடுத்தது படிக்கலாம் என்று குயில் பாட்டில் வைத்திருந்தேன்."

புலவர் ஐயா, இப்போது என்ன சொல்கிறீர்கள்?

சும்மா வந்தவன்:
சரியான பக்கமா என்று முதலில் கேட்டது நான்தான். எல்லாரும் குறித்துக்கொள்ளுங்கள்.

வைகைக்கரைப் புலவர்:
ஆக, விரல் உள்ளே இருந்தது. நான் முதல் நாளிலிருந்து சொல்வதும் அதுதான். இரண்டாவது வரிசையில் இருந்து "விரல் உள்ளே இல்லை" என்று அடித்துச் சொன்னவர் யார்? இத்தனை பேர் படிக்கும் இடத்தில் நடுவர்மீது பழி போட்டவர் யார்?

சித்திரைச்செல்வி:
அவள் வேறு பக்கத்தில் வைத்திருந்தாள் ஐயா! அந்தப் பாட்டைப் பார்க்கவே இல்லை! மனப்பாடமாகத்தான் சொன்னாள்! நீங்கள் கேட்டதே அதுதானே!

வைகைக்கரைப் புலவர்:
எந்தப் பக்கம் என்று விதியில் இல்லை. கையில் நூல் கூடாது என்றுதான் இருக்கிறது.

அட்டைப்பெட்டி:
அந்த விதியை எழுதியது யார்?

வைகைக்கரைப் புலவர்:
நடுவர் குழு.

அட்டைப்பெட்டி:
குழுவில் யார் எழுதியது?

வைகைக்கரைப் புலவர்:
எழுதத் தெரிந்தவர்.

பழைய கோப்பு:
குயில் பாட்டு வழக்கமான பதிப்புகளில் காணி நிலத்துக்குப் பிறகுதான் வரும். எத்தனை பக்கம் தள்ளி என்பது பதிப்பைப் பொறுத்தது. அந்தப் பள்ளிப் படி எந்த ஆண்டுப் பதிப்பு என்று யாராவது சொன்னால் விரல் எவ்வளவு தூரத்தில் இருந்தது என்று கணக்குப் பார்த்துவிடலாம்.

சித்திரைச்செல்வி:
அந்தப் புத்தகம் இப்போது பீரோவுக்குள். தலைமையாசிரியர் விடுப்பில் இருக்கிறார், சாவி அவரிடம்.

தென்னந்தோப்பு:
பையன் பதினைந்து என்றுதான் சொன்னான். அதற்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை.

வைகைக்கரைப் புலவர்:
இரவு பதினொன்று ஆகிவிட்டது. மிச்சத்தைக் காலையில் எழுதுகிறேன். அதுவரை யாரும் திரியைப் பூட்ட வேண்டாம். விரல் உள்ளே இருந்தது என்று அந்தப் பிள்ளையே ஒப்புக்கொண்டதை முதல் பதிவிலேயே சேர்க்குமாறு அம்மையாரைக் கேட்டுக்கொள்கிறேன்.

சும்மா வந்தவன்:
ஐயா, நாலு மணிக்கு எழுப்பட்டுமா?