லிப் சிங்க் முதல் வரியில் சரி, கடைசி சரணத்தில் போய்விடுகிறது: பாட்டு வீடியோ எடிட்டில் உதவி வேண்டும்

ஆத்தங்கரை_ரீல்

வணக்கம். விஸ்காம் (காட்சித் தொடர்பியல்) மூன்றாம் வருடம், திருநெல்வேலி. செமஸ்டர் ப்ராஜெக்டுக்கு ஒரு பாட்டு வீடியோ செய்கிறோம். பாட்டு சொந்தப் பாட்டு. வகுப்புத் தோழனே எழுதி, மெட்டுப் போட்டு, பாடியது. நீளம் 4 நிமிடம் 10 நொடி. அதனால் காப்புரிமைத் தலைவலி மட்டும் இல்லை. மற்ற எல்லாத் தலைவலியும் வந்துவிட்டது.

ஷூட் இரண்டு நாள். முதல் நாள் தாமிரபரணிப் படித்துறை, இரண்டாம் நாள் எங்கள் துறையில் ஒரு பழைய வகுப்பறை. கடன் வாங்கிய மிரர்லெஸ் கேமரா ஒன்று, அதில் நொடிக்கு 24 ஃப்ரேம் (படம்) என்று வைத்து எடுத்தோம். பக்கவாட்டு ஷாட்டெல்லாம் நண்பனின் செல்பேசியில், 30 ஃப்ரேம். பாட்டை ப்ளூடூத் ஸ்பீக்கரில் ஓடவிட்டு அவன் வாயசைத்தான். எடிட் செய்வது டாவின்சி ரிசால்வ் என்கிற மென்பொருளில், இலவசப் பதிப்பு.

பிரச்சினை இதுதான். பல்லவியில் உதடும் பாட்டும் கச்சிதமாகப் பொருந்துகின்றன. போகப்போக உதடு முந்திக்கொள்கிறது. கடைசி சரணத்தில் டப்பிங் படம் பார்ப்பது போல இருக்கிறது. செல்பேசி ஷாட்டுகள் இன்னும் மோசம், ஓரிடத்தில் பொருந்தினால் இன்னோரிடத்தில் பொருந்துவதில்லை. வகுப்பறை ஷாட்டில் மேலிருந்து கீழே பட்டை பட்டையாக ஏதோ ஓடுகிறது. திங்கட்கிழமை ஒப்படைக்க வேண்டும். மறுபடி ஷூட் போக வழியில்லை, கேமராவைத் திருப்பிக் கொடுத்தாயிற்று.

பாஸ்_லைன்

ப்ளூடூத் ஸ்பீக்கர்தான் காரணம் தம்பி. அதில் சத்தம் எப்போதும் கொஞ்சம் தாமதித்துத்தான் வரும். அடுத்த தடவை வயர் போட்ட ஸ்பீக்கர் வையுங்கள்.

கட்_அக்கா

ப்ளூடூத் மேல் பழி போடுவதற்கு முன் ஒரு நிமிடம். ஸ்பீக்கர் தாமதமாகப் பாடினால், அதைக் கேட்டு வாயசைக்கிறவரும் அதே அளவு தாமதமாகத்தான் அசைப்பார். கேமரா மைக்கில் பதிவாவதும் அந்தத் தாமதமான சத்தம்தான். இரண்டும் சேர்ந்தே பிந்துகின்றன, படத்தை ஒரு தடவை நகர்த்தி வைத்தால் கதை முடிந்தது. போகப்போக வித்தியாசம் ஏறுவதற்கு அது காரணமாகாது.

நான் மதுரையில் கல்யாண வீடியோ எடிட் செய்கிறேன். சிங்க், அதாவது படமும் சத்தமும் ஒத்துப்போவது, போனால் முதலில் கேட்டுக்கொள்ளும் கேள்வி ஒன்றுதான்: வித்தியாசம் நிலையாக இருக்கிறதா, ஏறிக்கொண்டே போகிறதா, தாறுமாறாகக் குதிக்கிறதா? மூன்றுக்கும் மூன்று நோய். உங்கள் கேமரா ஷாட் ஏறுகிற வகை, செல்பேசி ஷாட் குதிக்கிற வகை. இரண்டையும் ஒரே மருந்தால் தீர்க்கப் பார்க்காதீர்கள்.

முழுப் பாட்டையும் ஒரே டேக்கில் எடுத்தது இருக்கிறதா? இருந்தால் முதல் சொல்லில் ஒத்து வைத்துவிட்டு, கடைசிச் சொல்லில் எத்தனை ஃப்ரேம் விலகுகிறது என்று எண்ணிச் சொல்லுங்கள்.

ஆத்தங்கரை_ரீல்

எண்ணினேன் அக்கா. 'ப', 'ம' வருகிற இடங்களில் உதடு மூடுவது நன்றாகத் தெரிகிறது, அதை வைத்துப் பார்த்தேன். கடைசியில் சரியாக 6 ஃப்ரேம், உதடு முன்னால். இரண்டு முழு டேக்கிலும் அதே 6.

கட்_அக்கா

அப்படியானால் நோய் பிடிபட்டது. மெனுவில் 24 என்று போட்டிருந்தாலும் பல கேமராக்கள் உண்மையில் பதிவு செய்வது 23.976. அமெரிக்கக் கலர் டிவி காலத்து மிச்சம் அது, இன்னும் நம் கழுத்தில் தொங்குகிறது. இரண்டுக்கும் வித்தியாசம் ஆயிரத்தில் ஒரு பங்கு. உங்கள் பாட்டு 250 நொடி. அதில் ஆயிரத்தில் ஒரு பங்கு கால் நொடி. 24 ஃப்ரேமில் கால் நொடி என்றால் 6 ஃப்ரேம். கணக்கு அப்படியே உட்காருகிறது பாருங்கள்.

யாராவது ரிசால்வில் கிளிப் அட்ரிபியூட்ஸ் (கிளிப்பின் அமைப்பு) பக்கத்தில் போய் 23.976 என்று இருந்ததை 24 ஆக மாற்றினீர்களா?

ஆத்தங்கரை_ரீல்

அய்யோ, ஆமாம். "எல்லாக் கிளிப்பும் ஒரே எண்ணில் இருக்கட்டும்" என்று நண்பன் மொத்தமாகத் தேர்ந்தெடுத்து மாற்றினான். நான் பக்கத்தில் உட்கார்ந்து தலையாட்டினேன்.

கட்_அக்கா

அந்த ஒரு மாற்றத்தில் 250 நொடிப் படம் 249.75 நொடியில் ஓடி முடிகிறது. பாட்டு தன் வேகத்தில் போகிறது, படம் முந்துகிறது.

ரிசால்வில் டைம்லைனுக்குள் ஒரு தடவை ஃபுட்டேஜ் வந்துவிட்டால் ப்ராஜெக்டின் ஃப்ரேம் ரேட்டை மாற்ற விடாது. அதனால் இதற்குள்ளேயே கிண்டிக்கொண்டிருக்காமல் புது ப்ராஜெக்ட் திறந்துவிடுங்கள். முதல் வேலையாக அமைப்பில் 23.976 வையுங்கள், அப்புறம் கோப்புகளை இறக்குங்கள். கேமராக் கிளிப்பின் அட்ரிபியூட்ஸைத் தொடவே வேண்டாம். பாட்டை எம்பி3 ஆக வைத்திருந்தால் தோழனிடம் டபிள்யூஏவி கோப்பைக் கேட்டு வாங்குங்கள். எம்பி3 ஆக்கும்போது தொடக்கத்தில் துளி மௌனம் சேர்ந்துகொள்ளும். சின்ன விஷயம்தான், ஆனால் ஏன் வம்பு.

பிறகு முழு டேக்குகளையும் பாட்டையும் ஒன்றாகத் தேர்ந்தெடுத்து, சத்தத்தை வைத்து ஒத்துவைக்கும்படி மல்டிகேம் கிளிப் (பல டேக்குகளை ஒன்றாகக் கட்டிய கிளிப்) ஆக்குங்கள். கேமரா மைக்கில் விழுந்த கரகர சத்தம் இதற்குப் போதும். அது வந்துவிட்டால் பாட்டை ஓடவிட்டுக்கொண்டே எந்த டேக் வேண்டுமோ அதற்குத் தாவி வெட்டலாம். இலவசப் பதிப்பிலேயே இருக்கிறது.

பாஸ்_லைன்

சரி, ப்ளூடூத்தை விட்டுவிடுகிறேன். ஆனால் ஒன்று கேட்கிறேன், 4 நிமிடப் பாட்டு வீடியோவில் எந்த ஷாட் 3 நொடிக்கு மேல் நிற்கப் போகிறது? ஒவ்வொரு ஷாட்டையும் தனித்தனியாக உதடு பார்த்து நகர்த்தி வைத்தால் இந்த விலகல் கண்ணுக்கே தெரியாதே.

கட்_அக்கா

உண்மைதான். 3 நொடியில் 3 மில்லிநொடிதான் விலகும், யாருக்கும் தெரியாது. ஞாயிறு ராத்திரி பத்து மணி என்றால் நானும் அதையே சொல்லியிருப்பேன். ஆனால் எண்பது ஷாட்டைக் கையால் நகர்த்தி முடித்த பிறகு, "அந்த இடத்தில் வேறு டேக் போடலாமா" என்று ஒரு ஆசை வரும். அங்கேதான் இடிக்கும்.

ட்யூப்லைட்_தாத்தா

பட்டை ஓடுவதற்கு நான் சொல்கிறேன். நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். சோக் போட்ட பழைய ட்யூப்லைட் நொடிக்கு 100 தடவை மங்கி மங்கி எரியும், நம் கண்ணுக்குத் தெரியாது. ஷட்டரை, அதாவது ஒரு ஃப்ரேமுக்கு வெளிச்சம் வாங்கும் நேரத்தை, 1/50 அல்லது 1/100 நொடி வைத்தால் ஒவ்வொரு ஃப்ரேமிலும் சம அளவு வெளிச்சம் விழும். உங்கள் மிரர்லெஸ்ஸில் 1/50 இருந்திருக்கும், அதனால் தப்பியது. செல்பேசி தானாக 1/60 எடுத்திருக்கும், பட்டை வந்துவிட்டது. மூன்றே மூன்று ட்யூப்லைட்டை அணைத்துவிட்டு ஜன்னலைத் திறந்திருந்தால் இந்தப் பேச்சே இல்லை. போகட்டும்.

ரிசால்வில் இந்த மினுக்கலை நீக்கும் டிஃப்ளிக்கர் காசு கொடுக்கிற பதிப்பில்தான் உண்டு. கைவைத்தியம் ஒன்று இருக்கிறது. 30 ஃப்ரேமில் எடுத்தால் இந்தப் பட்டை 3 ஃப்ரேமுக்கு ஒரு தடவை அதே இடத்துக்குத் திரும்பும். அதனால் 30 ஃப்ரேமில் தனி டைம்லைன் திறந்து, ஒரே கிளிப்பை மூன்று அடுக்காக வையுங்கள். நடு அடுக்கை ஒரு ஃப்ரேம் தள்ளி ஒபாசிட்டி (அடுக்கின் அடர்த்தி) 50 சதவீதம், மேல் அடுக்கை இரண்டு ஃப்ரேம் தள்ளி 33. மூன்றும் சராசரியாகி, பட்டை பெரும்பாலும் கரைந்துவிடும். அசைவு கொஞ்சம் குழையும். சும்மா உட்கார்ந்திருக்கிற ஷாட்டுக்கு ஓடும், ஆடுகிற ஷாட்டுக்குப் பேய் மாதிரி நிழல் வரும். 24 ஆக மாற்றிய பிறகு செய்தால் பலிக்காது, அந்த மூன்றின் கணக்கு கலைந்துவிடும்.

கட்_அக்கா

அருமை ஐயா. ஆனால் அதற்கும் முன்னால் ஒரு படி இருக்கிறது. செல்பேசி 30 என்று சொல்லிக்கொண்டு 28, 30, 29 என்று இஷ்டத்துக்கு எடுக்கும், வெளிச்சம் குறைந்தால் இன்னும் இறங்கும். தம்பி சொன்ன 'குதிக்கிற' நோய் அதுதான். மீடியாஇன்ஃபோ என்கிற இலவசக் கருவியில் கோப்பைத் திறந்து பாருங்கள், ஃப்ரேம் ரேட் மோடு 'வேரியபிள்' என்று காட்டும். ஹேண்ட்பிரேக் என்கிற இலவச வீடியோ மாற்றியில் போட்டு, வீடியோ பக்கத்தில் 30, 'கான்ஸ்டன்ட்' (மாறாத வேகம்) இரண்டையும் தேர்ந்தெடுத்து, தரத்தை ஆர்எஃப் (எண் குறைந்தால் தரம் கூடும்) 16 அல்லது 18 வைத்து மாற்றுங்கள். அப்படி மாற்றிய கோப்பைத்தான் ரிசால்வுக்குள் விட வேண்டும். பழைய கோப்பை அழித்துவிடாதீர்கள்.

ஆத்தங்கரை_ரீல்

நேற்று ராத்திரி முழுக்க உட்கார்ந்தேன். புது ப்ராஜெக்ட், 23.976. கடைசிச் சொல் வரை உதடு பொருந்துகிறது அக்கா, நம்பவே முடியவில்லை. தோழன் தன் முகத்தைப் பார்த்து, "நான் இவ்வளவு நல்லா வாயசைச்சேனா" என்றான். செல்பேசிக் கிளிப்பும் மாற்றிய பிறகு ஒழுங்காகிவிட்டது. பட்டை வந்த ஷாட்டில் மூன்று அடுக்கு வைத்தேன். பட்டையில் லேசான பச்சை மிச்சம் இருந்தது, அதனால் அந்தப் பகுதியைக் கறுப்பு வெள்ளையாக்கிவிட்டேன். கேட்டால் நினைவுக் காட்சி என்று சொல்லிக்கொள்ளலாம்.

இன்னும் இரண்டு மட்டும் பாக்கி. ஒன்று, ஆற்றுக்குள் பாறை மேல் அவன் நின்று பாடுவதைப் படித்துறையிலிருந்து ஜூம் லென்ஸில் எடுத்தோம். அது மட்டும் மல்டிகேமில் ஒத்து வைத்த பிறகும் 2 ஃப்ரேம் விலகியே நிற்கிறது, ஏறவும் இல்லை, குதிக்கவும் இல்லை. இரண்டு, 60 ஃப்ரேமில் எடுத்த ஷாட்டை ஸ்லோமோஷன் ஆக்கினால் வாய் பசு அசைபோடுவது மாதிரி இருக்கிறது.

பாஸ்_லைன்

இது என் ஏரியா. ஸ்பீக்கர் எங்கே இருந்தது?

ஆத்தங்கரை_ரீல்

பாறையிலேயே, அவன் காலடியில். கேமரா ஒரு 30 மீட்டர் தள்ளி.

பாஸ்_லைன்

அவ்வளவுதான். சத்தம் நொடிக்குச் சுமார் 343 மீட்டர் போகும். 30 மீட்டரைக் கடக்க 87 மில்லிநொடி, உங்கள் கணக்கில் 2 ஃப்ரேம். பாட்டு அவன் காதுக்கு உடனே போய்விட்டது, கேமரா மைக்குக்கு 2 ஃப்ரேம் கழித்துத்தான் வந்து சேர்ந்தது. ரிசால்வ் மைக்கை நம்பி ஒத்து வைத்தது. அந்த ஷாட்டைக் கையால் 2 ஃப்ரேம் தாமதமாக வரும்படி, டைம்லைனில் வலப்பக்கம் நகர்த்துங்கள். ப்ளூடூத்தைக் குறை சொன்னதற்கு இது பரிகாரம்.

கட்_அக்கா

ஸ்லோமோஷனில் உதடு பொருந்த வேண்டுமானால் ஷூட்டிலேயே பாட்டை வேகமாக ஓடவிட்டு, அந்த வேகத்துக்கு வாயசைக்க வைக்க வேண்டும். 50 ஃப்ரேமில் எடுத்து 25ல் ஓட்டுவதென்றால் இரண்டு மடங்கு வேகம். 60ஐ 24ல் என்றால் இரண்டரை மடங்கு, அதற்கு வாய் திறந்து மூடவே நேரம் இருக்காது. இப்போது ஒன்றும் செய்ய முடியாது. பாடுகிற ஷாட்டை இயல்பு வேகத்திலேயே விடுங்கள். அவன் தண்ணீரில் இறங்குவது, முகம் கழுவுவது, திரும்பிப் பார்ப்பது மாதிரி வாய் அசையாததை மட்டும் ஸ்லோமோஷன் ஆக்குங்கள்.

ஏற்றுமதியில் 1080, எச்.264, ஒலி 48 கிலோஹெர்ட்ஸ் போதும். ஒப்படைப்பதற்கு முன் அந்த வகுப்பு ப்ரொஜெக்டரில் ஒரு தடவை ஓட்டிப் பாருங்கள். இருட்டு ஷாட்டெல்லாம் அங்கே கரியாகத் தெரியும்.

ஆத்தங்கரை_ரீல்

ப்ரொஜெக்டரில் பார்த்தோம். சொன்னபடியே கரி. கொஞ்சம் வெளிச்சம் ஏற்றினேன். ஆற்று ஷாட் 2 ஃப்ரேம் நகர்த்தியதும் கப்பென்று ஒட்டிக்கொண்டது, பாஸ் அண்ணனுக்கு நன்றி.

இரண்டாவது சரணத்தில் ஒரே ஒரு க்ளோசப் மட்டும் எந்தப் பக்கம் எத்தனை ஃப்ரேம் தள்ளினாலும் பொருந்தவில்லை. அரை மணி நேரம் மல்லுக்கட்டினேன். கடைசியில் பாட்டை மியூட் செய்துவிட்டு கேமரா மைக்கை மட்டும் கேட்டேன். பயல் அங்கே முதல் சரணத்து வரியைப் பாடியிருக்கிறான்.

கட்_அக்கா

அதற்கு ஹேண்ட்பிரேக்கில் மருந்து இல்லை தம்பி. அந்த இடத்தில் வாத்தியம் வாசிக்கிற கையைக் காட்டுங்கள்.

ஆத்தங்கரை_ரீல்

கஞ்சிரா கை ஷாட் ஒன்று இருக்கிறது அக்கா. வகுப்பறையில், செல்பேசியில் எடுத்தது.

ட்யூப்லைட்_தாத்தா

மூன்று அடுக்கு. கறுப்பு வெள்ளை.