ஏசியும் பிரிட்ஜும் ஒரே நேரத்தில் குளிர்ச்சி குறைந்தால் இரண்டுக்கும் கேஸ் ஏற்ற வேண்டுமா?

கேள்வி: கொண்டலாம்பட்டி வாசகர்

அனைவருக்கும் வணக்கம். எங்கள் வீடு மாடியில் இருக்கிறது. கீழே எட்டு விசைத்தறிகள் ஓடுகின்றன. நான்கு ஆண்டுகளுக்கு முன் வாங்கிய ஒன்றரை டன் ஸ்பிளிட் ஏசி (இன்வெர்ட்டர் வகை அன்று, கேஸ் ஆர்-32) இந்த ஏப்ரல் தொடங்கியதிலிருந்து பகல் ஒரு மணி முதல் ஐந்து மணி வரை அறையை 29 டிகிரிக்குக் கீழே கொண்டுவருவதில்லை. இரவில் மட்டும் ஓரளவு குளிர்கிறது. அதே மூன்று வாரங்களாக ஏழாண்டுப் பழைய இரண்டு கதவு பிரிட்ஜும் சரியில்லை. மேலே பிரீசரில் ஐஸ் உறைகிறது, ஆனால் கீழ்த்தட்டில் இரவு வைத்த இட்லி மாவு விடிவதற்குள் பொங்கி, பாத்திரத்தின் மூடியைத் தள்ளிவிட்டு வழிந்து நிற்கிறது. அப்பாவின் இன்சுலினும் அந்தப் பிரிட்ஜில்தான் இருக்கிறது என்பதுதான் என் பெரிய கவலை.

வந்து பார்த்த பணியாளர் மீட்டர் எதுவும் வைக்காமல், குழாயைத் தொட்டுப் பார்த்து, இரண்டுக்குமே கேஸ் இறங்கிவிட்டது என்றார். ஏசிக்குப் போன வருடமும் இதே காரணம் சொல்லிக் கேஸ் ஏற்றினோம். மறுபடியும் ஏற்றலாமா?

பதில் 1: ஐந்து ரோடு மெக்கானிக்

ஐயா, முதலில் இன்சுலினை இன்றே பக்கத்து வீட்டுப் பிரிட்ஜுக்கு மாற்றிவிடுங்கள். பிரிக்காத இன்சுலின் 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும். ஐஸ் உறைகிறதே என்று பிரீசரில் வைத்துவிட்டால் அந்த மருந்து வீணாகிவிடும்.

22 ஆண்டுகளாக இந்த வேலையைச் செய்பவன் என்ற முறையில் சொல்கிறேன்: கேஸ் என்பது வண்டிக்குப் போடும் பெட்ரோல் போல ஓட ஓடத் தீர்ந்துபோகும் பொருள் அன்று. மூடிய குழாய்க்குள் அதே கேஸ்தான் ஆயுள் முழுவதும் சுற்றி வருகிறது. குறைந்திருக்கிறதென்றால் எங்கோ கசிகிறது என்று பொருள், அந்த இடத்தை அடைக்காமல் ஆண்டுதோறும் ஏற்றுவது ஓட்டைக் குடத்தில் தண்ணீர் ஊற்றுவதுதான். அதிலும் ஒன்றோடொன்று தொடர்பே இல்லாத இரண்டு இயந்திரங்கள் ஒரே மாதத்தில் கசியத் தொடங்குவது அரிது. ஆகவே இரண்டுக்கும் பொதுவாக உங்கள் வீட்டில் என்ன இருக்கிறது என்று தேடுவதே முறை. எனக்கு முதலில் தோன்றுவது கீழே ஓடும் தறிகள்.

ஏசி குளிரை உண்டாக்குவதில்லை. அறையின் வெப்பத்தை எடுத்துப் போய் வெளியே கொட்டுகிறது. கொட்டும் இடம் அடைபட்டால் உள்ளே எவ்வளவு கேஸ் இருந்தும் பயனில்லை. அவுட்டோர் யூனிட்டின் முன்பக்கத்தில் மின்விசிறிதான் தெரியும், அது சுத்தமாகவே இருக்கும். ஆனால் காற்றை உள்ளே இழுக்கும் தகடுகள் சுவரைப் பார்த்தபடி பின்பக்கத்தில் இருக்கின்றன. தறி ஓடும் தெருக்களில் பஞ்சுத் தூசி அங்கேதான் படிந்து போர்வை போல மூடிக்கொள்கிறது. இரவில் வெளிக்காற்று ஆறிவிடுவதால் ஓரளவு சமாளிக்கிறது, உச்சி வெயிலில் திணறுகிறது; நீங்கள் சொல்லும் அடையாளம் இதற்கு அப்படியே பொருந்துகிறது.

மெயின் ஸ்விட்சை அணைத்துவிட்டு, உலர்ந்த நிலையிலேயே மென்மையான தூரிகையால் தகடுகள் போகும் வாக்கில் பஞ்சை எடுங்கள். எடுத்த எடுப்பில் தண்ணீர் அடிக்காதீர்கள். பஞ்சு நனைந்தால் பசையாகி உள்ளே இறங்கிவிடும். பிறகு ஏசியைக் கால் மணி நேரம் ஓடவிட்டு, உள்யூனிட் இழுக்கும் காற்றையும் வெளிவிடும் காற்றையும் ஒரு தெர்மாமீட்டரால் அளந்து பாருங்கள். வித்தியாசம் 8 முதல் 12 டிகிரி வரை இருந்தால் பெரும்பாலும் கேஸைத் தொட வேண்டியதில்லை. அப்படியில்லாமல், வெளியே வால்வு அருகில் மெல்லிய குழாயில் பனி படிந்து, நட்டைச் சுற்றி எண்ணெய்க் கறையும் இருந்தால் கசிவைச் சந்தேகிக்கலாம். அப்போதும் நைட்ரஜன் அடித்துக் கசிவைக் கண்டுபிடித்து அடைத்து, வாக்கும் பம்ப் (குழாய்க்குள் இருக்கும் காற்றை உறிஞ்சி எடுக்கும் கருவி) போட்டு, யூனிட்டின் மேல் எழுதியுள்ள எடைக்குத் தராசில் நிறுத்தித்தான் ஏற்ற வேண்டும். ஆர்-32 தீப்பற்றக்கூடியது, கேஸ் உள்ளே இருக்கும்போது பற்றவைப்புக் கருவியை அருகில் கொண்டுவர யாரையும் அனுமதிக்காதீர்கள்.

பதில் 2: தறிப்பட்டறை எலக்ட்ரீசியன்

மேலே சொன்னதோடு வோல்டேஜையும் பார்த்துவிடுங்கள். எல்லாத் தறிகளும் ஓடும் பகல் மூன்று மணிக்கு ஒரு முறையும், அவை நின்ற பிறகு ஒரு முறையும் ஏசி பிளக்கில் மல்டிமீட்டர் வைத்து அளக்க வேண்டும். 230 இருக்க வேண்டியது 184 ஆகக் குறைந்தால் வோல்டேஜ் இழப்பு 20 விழுக்காடுதான். ஆனால் மோட்டாரின் சுழற்றும் விசை 36 விழுக்காடு குறைந்துவிடும், ஏனெனில் அது வோல்டேஜின் இருமடியைப் பொறுத்தது. கம்ப்ரசர் உறுமிவிட்டு நின்று, சில நிமிடம் கழித்து மறுபடி முயல்வது அதனால்தான். கம்ப்ரசரைக் கிளப்ப உதவும் கெப்பாசிட்டர் பலவீனமாக இருந்தாலும் இப்படியே நடக்கும். மின்சாரத்தை நிறுத்திய பின்னும் அதில் மின்னூட்டம் நிற்கும் என்பதால் அதை நீங்கள் தொட வேண்டாம்.

பதில் 3: ஏற்காட்டுச் சமையலறை

பிரிட்ஜைப் பற்றி மட்டும் சொல்கிறேன். மேலே ஐஸ் உறைந்து கீழே குளிரவில்லை என்றால், கேஸ் வேலை செய்கிறது, காற்று இறங்கி வரவில்லை என்றுதான் நான் புரிந்துகொள்வேன். உங்கள் வகைப் பிரிட்ஜில் பிரீசரின் பின்பலகைக்குப் பின்னால் 'காயில்' எனப்படும் குளிர்விக்கும் சுருள்குழாய் இருக்கிறது. அதில் படியும் பனியை ஒரு ஹீட்டர் அவ்வப்போது உருக்க வேண்டும். அது பழுதானால் பனி பாறையாகி, கீழ்த்தட்டுக்குக் காற்று வரும் வழியை அடைத்துவிடும். மழைக்காலத்தில் மூடுபனி வீட்டுக்குள்ளேயே வந்துபோகும் எங்கள் ஊரில் கதவைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் ஈரம் உள்ளே போவதால், எனக்கு இது சீக்கிரமே நேர்ந்தது.

சோதனைக்குச் செலவே இல்லை. பொருட்களை எல்லாம் எடுத்துவிட்டு, பிளக்கைப் பிடுங்கி, இரண்டு கதவுகளையும் 24 மணி நேரம் திறந்து வையுங்கள். அடியில் ஒரு பழந்துணி போடுங்கள். மறுபடி போட்டதும் சில நாட்கள் நன்றாகக் குளிர்ந்து, பிறகு பழையபடி ஆனால் கோளாறு பனி உருக்கும் பகுதியில்தான். என் பிரிட்ஜ் ஆறு நாள் தாங்கியது.

மறுபதிவு: கொண்டலாம்பட்டி வாசகர் (12 நாட்களுக்குப் பிறகு)

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. அவுட்டோர் யூனிட்டின் பின்பக்கப் பஞ்சு, கம்பளித் துண்டு போல ஒரே பாளமாகக் கையோடு வந்தது. இப்போது இழுக்கும் காற்று 31, வெளிவரும் காற்று 20. மெல்லிய குழாயில் பனி இல்லை. பகல் மூன்று மணிக்கு 188 காட்டிய மீட்டர், மெயின் போர்டில் கருகியிருந்த ஒரு இணைப்பை மாற்றியதும் 214 காட்டுகிறது.

பிரிட்ஜ் எட்டு நாள் தாங்கியது. ஒன்பதாம் நாள் பால் திரிந்தது. வேறொரு பணியாளர் பின்பலகையைக் கழற்றியபோது காயிலே தெரியாதபடி வெள்ளைப் பாறையாக இருந்தது. ஹீட்டர் அறுந்திருந்தது, மாற்றிவிட்டார். தண்ணீர் நிறைந்த டம்ளரில் தெர்மாமீட்டரை இரவு முழுவதும் வைத்து, காலையில் 5 டிகிரி பார்த்த பிறகே இன்சுலினை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். பிரிட்ஜின் கோளாறுக்கும் தறிக்கும் தொடர்பில்லை என்பதையும் பதிவு செய்கிறேன்.

ஒரே ஒரு சந்தேகம். தறிக்கூடத்து ஜன்னலுக்கு மேலே இருக்கும் அவுட்டோர் யூனிட்டை மொட்டை மாடிக்கு மாற்ற எண்ணுகிறோம். அப்போது புதிதாகக் கேஸ் ஏற்ற வேண்டியிருக்குமா?

பதில் 4: ஐந்து ரோடு மெக்கானிக்

பொதுவாக வேண்டியதில்லை, ஐயா. நட்டைக் கழற்றுவதற்கு முன், ஏசியைக் குளிரூட்டும் நிலையில் ஓடவிட்டு, மெல்லிய குழாயின் வால்வை மூடினால் கேஸ் முழுவதும் அவுட்டோர் யூனிட்டுக்குள் சேர்ந்துவிடும். பிறகு தடித்த குழாயின் வால்வையும் மூடி, உடனே ஏசியை அணைத்துவிட வேண்டும். புதிய இடத்தில் குழாய்களை வாக்கும் செய்த பின்னரே வால்வைத் திறக்க வேண்டும். குழாயின் நீளம் கூடினால் மட்டும், கூடிய மீட்டருக்கு இத்தனை கிராம் என்று கையேட்டில் உள்ளபடி சேர்த்தால் போதும். வேலைக்கு வருபவரிடம் வாக்கும் பம்பும் தராசும் இருக்கின்றனவா என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.