இரண்டு முறை பேக்கிங் மாற்றியும் இன்டேக் மேனிஃபோல்டில் காற்று அடிக்கிறது

சங்ககிரி டு நெலமங்கலா:

எல்லோருக்கும் வணக்கம். சொந்த ஊர் சங்ககிரி, பதினோரு வருடமாகப் பெங்களூரு நெலமங்கலாவில் குடியிருக்கிறேன். ஒரே ஒரு பத்துச் சக்கர வண்டி. நானே ஓனர், நானே டிரைவர். 2013 மாடல், ஆறு சிலிண்டர் டர்போ (காற்றை அழுத்தி இன்ஜினுக்குள் தள்ளுவது), இன்லைன் டீசல் பம்ப்.

மங்களூரு துறைமுகத்தில் உரம் ஏற்றிக்கொண்டு வருவதுதான் வாடிக்கை நடை. குந்தியா தாண்டி சிராடி ஏற்றத்தில் மூன்றாவது கியரில் வந்த இடத்தில் எல்லாம் இப்போது இரண்டுக்குத் தட்ட வேண்டியிருக்கிறது. ஆக்சிலேட்டரை மிதித்தால் 'ஸ்ஸ்ஸ்' என்று ஒரு சத்தம். குக்கர் விசில் வருவதற்குக் கொஞ்சம் முன்னால் வருமே, அதே மாதிரி. ஐடிலிங்கில் ஒன்றும் கேட்காது. லிட்டருக்கு 4 கொடுத்த வண்டி 3.4-க்கு வந்துவிட்டது. பின்னால் கரும்புகை வேறு.

உள் போனட்டைத் தூக்கிப் பார்த்தால் ஆறாவது சிலிண்டர் பக்கம், இன்டேக் மேனிஃபோல்டும் (சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்துக் கொடுக்கும் குழாய்) இன்ஜின் ஹெட்டும் சேரும் இடத்தில் மை தடவியது போல எண்ணெய்க் கசிவு. மூன்று மாதம் முன்பு தும்கூர் ரோட்டில் ஒரு பட்டறையில் அங்கே நடுவில் காற்று கசியாமல் வைக்கும் பேக்கிங்கை மாற்றினேன். இரண்டு பக்கமும் சிலிக்கான் பேஸ்ட் அப்பித்தான் போட்டார்கள். ஐந்து வாரம் தாங்கியது. அடுத்து வேறொரு பட்டறை. அவர்கள் கிரைண்டரில் பிளாப் டிஸ்க் (உப்புத்தாள் மடிப்பு வைத்த தட்டு) போட்டு மேனிஃபோல்டு முகத்தைக் கண்ணாடி மாதிரி ஆக்கி, ரெஞ்சில் பைப்பை மாட்டி முறுக்கினார்கள். அது பதினேழு நாள்! இனி யாரிடமும் கொடுப்பதாக இல்லை, நானே கழற்றப் போகிறேன். எங்கே தப்பு நடக்கிறது என்று மட்டும் சொல்லுங்கள்.

ஸ்பேனர் செட்:

அண்ணா, கார்புரேட்டர் கிளீனரை மேனிஃபோல்டைச் சுற்றி அடித்துப் பாருங்கள், ஆர்.பி.எம். ஏறுகிற இடத்தில்தான் லீக். வீடியோவில் பார்த்தேன். அப்படியே ஆயிலில் கூலன்ட் கலந்திருக்கிறதா என்றும் பாருங்கள். மேனிஃபோல்டு பேக்கிங் போனால் தண்ணீர் உள்ளே இறங்குமாம்.

பீனியா கிழவன்:

ஸ்பேனர் தம்பி, நீ பார்த்தது வெளிநாட்டு வி-8 பெட்ரோல் வண்டி. பல வி இன்ஜின்களில் இன்டேக் மேனிஃபோல்டு வழியாகவே தண்ணீர் ஓடும், அதனால் பேக்கிங் போனால் ஆயிலில் கலக்கும். சங்ககிரித் தம்பியிடம் இருப்பது நேர்வரிசை டீசல், அதன் மேனிஃபோல்டில் காற்று மட்டும்தான். கிளீனர் அடிக்கிற வித்தையும் பெட்ரோலுக்கு உள்ளது. அங்கே த்ராட்டில் மூடியிருப்பதால் வாக்குவம் இருக்கும், அடித்ததை உள்ளே இழுக்கும். டர்போ டீசலில் லோடு ஏறும்போது காற்று வெளியேதான் தள்ளும். சூடான டர்போ பக்கத்தில் பற்றிக்கொள்ளும் திரவத்தை அடிக்கவே அடிக்காதே.

சங்ககிரி, கழற்றும் முன் சோதனை செய். ஏர் ஃபில்டரிலிருந்து டர்போவுக்கு வரும் ஹோஸைக் கழற்றி, டர்போ வாயில் ஒரு பி.வி.சி. மூடியை கிளிப் போட்டு மாட்டு. மூடியில் ஓட்டை போட்டு டியூப் வால்வு ஒன்றைப் பொருத்தி, ரெகுலேட்டர் வழியாக 1 பார், அதாவது 15 பி.எஸ்.ஐ. அளவுக்குக் காற்று கொடு. சோப்புத் தண்ணீரைத் தடவினால் நுரை கிளம்பும் இடம் சொல்லிவிடும். வண்டியின் ஏர் டேங்கிலிருந்து நேராகக் கொடுக்காதே. அதில் 7, 8 பார் நிற்கும், ஹோஸ் பிய்த்துக்கொண்டு முகத்தில் அடிக்கும். ஆயில் ஊற்றும் வாயில் லேசாகக் காற்று வந்தால் பயப்படாதே. ஏதாவது ஒரு சிலிண்டரில் இன்டேக் வால்வு திறந்திருக்கும், பிஸ்டன் ரிங் வழியாகக் கொஞ்சம் இறங்கத்தான் செய்யும்.

எனக்குக் கவலை அந்த பிளாப் டிஸ்க்தான். அதிலிருந்து உதிர்வது அரத்தூள் மாதிரி. போர்ட்டுக்குள் (சிலிண்டருக்குக் காற்று போகும் துளை) விழுந்திருந்தால் சிலிண்டர் லைனரையும் ரிங்கையும் தின்றுவிடும். பேக்கிங் வேலை முடிந்ததும் ஆயிலும் ஃபில்டரும் மாற்றிவிடு, காசு பார்க்காதே. கையால் டிஸ்க் போட்டால் முகம் பளபளக்கும், மட்டம் இருக்காது. நேர்ச்சட்டத்தை வைத்து, இடைவெளி அளக்கும் மெல்லிய தகடான ஃபீலர் கேஜ் விட்டுப் பார். மேனுவலில் ஒரு அளவு இருக்கும். நான் 0.10 மில்லிமீட்டர் உள்ளே போனாலே மெஷினில் சீவி மட்டமாக்கும் மில்லிங்குக்கு அனுப்பிவிடுவேன்.

மாட்டும்போது போர்ட் ஒவ்வொன்றிலும் சுத்தமான துணியைச் செருகிக்கொண்டு பழைய பேக்கிங்கைப் பிளாஸ்டிக் அல்லது பித்தளைத் தகட்டால் சுரண்டு. முடிந்ததும் துணிகளை எண்ணி எடு. சிரிக்காதே, ஒரு துணியோடு ஸ்டார்ட் செய்த வண்டியைப் பார்த்திருக்கிறேன். பேஸ்ட் வேண்டாம், உலர்ந்த பேக்கிங்தான். நடு போல்ட்டில் தொடங்கி ஓரத்துக்குப் போ, மூன்று சுற்றில் முறுக்கு. எம்8 போல்ட் என்றால் பொதுவாக 20, 25 நியூட்டன் மீட்டர்தான், பைப்புக்கு அங்கே வேலையே இல்லை. உன் இன்ஜின் மேனுவல் சொல்வதே கடைசி வார்த்தை.

ஒரு கேள்வி. கரும்புகை பேக்கிங் போன அன்றே வந்ததா, பிறகா?

ஜே.சி. ரோடு கவுண்டர்:

கடைக்காரனாக ஒரு வார்த்தை: ஷீட்டில் வெட்டிய பேக்கிங்கை வாங்காதீர்கள். பழைய பேக்கிங்கையும் இன்ஜின் நம்பரையும் கொண்டுவாருங்கள், ஒரே மாடலில் இரண்டு விதம் உண்டு.

சங்ககிரி டு நெலமங்கலா:

கிழவன் அண்ணா, நீங்கள் கேட்ட பிறகுதான் உறைத்தது. சத்தம் வந்தபோது புகை இல்லை, புல்லிங் மட்டும்தான் குறைந்தது. "இழுக்கவில்லை" என்று சொன்னதற்கு முதல் பட்டறையில் பம்பில் டீசலைக் கொஞ்சம் ஏற்றிவைத்தார்கள். புகை அன்றிலிருந்துதான்.

பீனியா கிழவன்:

நினைத்தேன். உன் பம்பின் மேல் ஒரு டயாஃப்ரம் இருக்கும். மேனிஃபோல்டில் பிரஷர் குறைந்தால் அதுவே டீசலைக் குறைத்துக்கொள்ளும். அதனால்தான் முதலில் புகையில்லாமல் வண்டி மந்தமாக ஓடியது. காற்று ஓட்டையை டீசலால் அடைக்கப் பார்த்திருக்கிறார்கள். இப்படியே சிராடி ஏறினால் சைலன்சர் பக்கச் சூடு ஏறி டர்போவும் பிஸ்டனும் சேர்ந்து போகும். லீக்கை முடித்துவிட்டு பம்பை, டீசல் அளவைச் சரிபார்க்கும் டெஸ்ட் பெஞ்சில் ஏற்று. அப்புறம், ஏன் எப்போதும் ஆறாவதே என்று யோசித்தாயா? மற்ற ஐந்துக்கும் அதே பேஸ்ட், அதே பைப்தானே?

சங்ககிரி டு நெலமங்கலா:

ஞாயிற்றுக்கிழமை முழுக்க இதே வேலை. சோதனையில் நுரை ஆறாவதில் மட்டும்தான். கழற்றிச் சட்டம் வைத்தால் முன்பக்கம் சுத்தமாக நிற்கிறது, பின்கோடியில் 0.20 தகடு தாராளமாகப் போகிறது. திங்கட்கிழமை பீனியாவில் மில்லிங் செய்தேன்.

ஆனால் விஷயம் அதுவல்ல. டர்போ காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரிலிருந்து வரும் இரும்புக் குழாய் ஆறாவது பக்கம்தான் மேனிஃபோல்டில் சேர்கிறது. அதற்குக் கீழே பிளாக்கில் இரண்டு மரை ஓட்டை, உள்ளே சேறு இறுகிக் கிடக்கிறது. போல்ட் இல்லை. என்ன இது என்று யோசித்துக்கொண்டே டூல் பாக்ஸைக் குடைந்தால், ஜாக்கிக்கு அடியில் எல் வடிவத்தில் ஒரு இரும்புப் பட்டை. முதல் பட்டறையில் "இது எக்ஸ்ட்ரா" என்று கையில் கொடுத்தது. நானும் வாங்கிப் போட்டிருக்கிறேன்! வைத்துப் பார்த்தேன், இரண்டு ஓட்டைக்கும் கச்சிதம். குழாயைத் தாங்குகிற பிராக்கெட் அது. மூன்று மாதமாகக் குழாயின் கனமும் ஆட்டமும் கடைசி இரண்டு போல்ட்டின் தலையில்தான்.

பிராக்கெட்டை முதலில் கைமுறுக்கில் விட்டு, மேனிஃபோல்டை முறுக்கிய பிறகு இறுக்கினேன். சரிதானே அண்ணா?

பீனியா கிழவன்:

சரி. மாற்றிச் செய்திருந்தால் பிராக்கெட்டே மேனிஃபோல்டை இழுத்திருக்கும். இன்ஜின் மவுன்டிங் ரப்பரையும் ஒரு பார்வை பார். அது அமுங்கியிருந்தால் குழாய் மறுபடி ஆடும்.

சங்ககிரி டு நெலமங்கலா:

மவுன்டிங்கில் இடதுபக்கம் வெடிப்பு, இரண்டையும் மாற்றிவிட்டேன். ஆயிலும் மாற்றியாயிற்று. ஒரு நடை போய்வந்தேன், சத்தம் அறவே இல்லை. சிராடியில் மாரனஹள்ளி வரை மூன்றிலேயே வந்தது. புகை இன்னும் இருக்கிறது, சனிக்கிழமை பம்பை இறக்குகிறேன்.