ஹம் சத்தத்துக்காக சிங்கிள் காயிலைக் கழற்றலாமா?

அல்சூர்வாசி:
பெங்களூரு அல்சூரில் பழைய வாடகை வீடு. என் எலெக்ட்ரிக் கிடாரில் தந்தியின் அதிர்வை மின்சாரமாக்கும் பிக்கப் மூன்று, மூன்றும் ஒற்றைச் சுருள் கொண்ட சிங்கிள் காயில். ஆம்ப்பில் (ஆம்ப்ளிஃபயர்) சிக்னலைப் பெருக்கும் கெயினைக் கொஞ்சம் ஏற்றினாலே 'ம்ம்ம்' என்று இரைகிறது. மூன்றையும் கழற்றிவிட்டு இரட்டைச் சுருள் ஹம்பக்கர் போடச் சொல்கிறார் கடைக்காரர். போடலாமா?

தடிச்சுருள்:
தாராளமாகப் போடுங்கள். கிப்ஸன் கிடார் கம்பெனியில் இருந்த செத் லவர் இதற்கு வழி கண்டு 1955லேயே காப்புரிமைக்கு விண்ணப்பித்துவிட்டார். அருகருகே இரண்டு சுருள். சுற்றும் எதிர், காந்தத் துருவமும் எதிர். கரண்டின் இரைச்சல் இரண்டிலும் எதிரெதிராக விழுந்து அடிபட்டுப் போகும். தந்தியின் அதிர்வுக்குச் சுற்றோடு துருவமும் மாறியிருப்பதால் அது கூடித்தான் வரும். 1957இல் கிப்ஸனின் லெஸ் பால் கிடாரில் வந்தது. அன்றைக்கே தீர்ந்த தொல்லையை இன்னும் ஏன் சுமக்க வேண்டும்?

கல்யாணிக்காரி:
அண்ணா, இரைச்சலோடு வேறொன்றும் போகிறதே. இரண்டு சுருள்கள் ஒரே தந்தியை இரண்டு இடத்தில் கேட்கின்றன, அதில் உச்ச ஒலிகள் சில அடிபடுகின்றன. தொடராக இணைத்தால் இன்டக்டன்ஸும் (மின்னோட்ட மாற்றத்தை எதிர்க்கும் தன்மை) ஏறும், ரெசனன்ஸ் (பிக்கப் மிகுந்து ஒலிக்கும் அதிர்வெண்) கீழே இறங்கும். அந்தத் தடித்த குரல் அப்படி வருவதுதான். ராக் வாசிக்க நன்றாகத்தான் இருக்கும். நான் கிடாரில் கல்யாணி வாசிக்கிறேன். பிரதி மத்யமத்திலிருந்து பஞ்சமத்துக்குத் தந்தியை இழுக்கும்போது நடுவில் உள்ள ஒவ்வொரு இழையும் கேட்க வேண்டும். என் ஹம்பக்கர் கிடாரில் அது மொழுக்கென்று வழுக்கிக்கொண்டு போகிறது.

தடிச்சுருள்:
டோன் குமிழைத் திறந்து வையுங்கள், பிக்கப்பைத் தந்தியிலிருந்து கொஞ்சம் இறக்குங்கள். பாதிக் குறை போய்விடும்.

கல்யாணிக்காரி:
இறக்கிப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன். இன்னொன்று. 1954இல் ஃபெண்டர் கம்பெனியின் ஸ்ட்ராட்டோகாஸ்டர் கிடார் வந்தபோது பிக்கப்பைத் தேர்ந்தெடுக்கும் சுவிட்சுக்கு மூன்றே இடம். வாசிப்பவர்கள் அதை இடையில் நிறுத்தி இரண்டு பிக்கப்பைச் சேர்த்துக் கேட்டார்கள். 1977இல்தான் ஃபெண்டர் ஐந்து இட சுவிட்ச் போட்டது. பிற்பாடு வந்த பல கிடார்களில் நடு பிக்கப் எதிர்ச்சுற்று, எதிர்த்துருவம். அல்சூர்வாசி, சுவிட்சை இரண்டு பிக்கப் சேரும் இடங்களான இரண்டிலும் நான்கிலும் வைத்துப் பாருங்கள். இரைச்சல் நின்றால் உங்களுடையதும் அந்த வகை, பாதி ஹம்பக்கர் ஏற்கெனவே கையில் இருக்கிறது.

மீட்டர்பெட்டி:
நான் வயரிங் வேலை செய்பவன். 1931இல் ஜார்ஜ் பீச்சம் குதிரைலாடக் காந்தத்துக்குள் சுருளை வைத்துப் பார்த்த நாள் முதல் பிக்கப் என்பது ஒரு சுருள்தான். தந்தியையும் கேட்கும், சுவருக்குள் ஓடும் 50 ஹெர்ட்ஸையும் கேட்கும். சத்தம் எந்த வழியில் வருகிறது என்று முதலில் பாருங்கள். தந்தியைத் தொட்டதும் குறைந்தால் கிடாரின் உட்குழியில் செப்பு டேப் ஒட்டி எர்த்தோடு இணைத்தால் நல்ல பலன் இருக்கும். பெங்களூரு எஸ்.பி. ரோட்டுக் கடைகளில் டேப் கிடைக்கும். தொட்டாலும் குறையாமல், கிடாரைத் திருப்பும்போது கூடிக் குறைந்தால் அது காந்தப்புலம். செப்பு டேப் அதைத் தடுக்காது.

அல்சூர்வாசி:
செய்து பார்த்தேன். தொட்டால் பெரிய மாற்றம் இல்லை. உட்கார்ந்தபடி மெல்லத் திரும்பினேன். கிடாரின் கழுத்து வாசல் பக்கம் போனதும் சத்தம் சட்டென்று அடங்கியது, இன்னும் கொஞ்சம் திரும்பினால் மறுபடி ஏறியது. சுவருக்கு அந்தப் பக்கம்தான் இன்வெர்ட்டர் இருக்கிறது! சுவிட்ச் இரண்டிலும் நான்கிலும் அமைதி. இப்போதைக்கு எதையும் கழற்றவில்லை, நாற்காலியை மாற்றிப் போட்டுவிட்டேன்.

தடிச்சுருள்:
வீட்டில் சரி. மேடையில் எந்தப் பக்கம் திரும்புவீர்கள்? பிரிட்ஜ் (தந்தி ஊன்றும் பாலம்) அருகே உள்ள பிக்கப்பையாவது மாற்றுங்கள். ஒன்றின் மேல் ஒன்றாகச் சுருள் வைத்த ஸ்டேக் வகை இருக்கிறது. தந்தியை ஒரே இடத்தில்தான் கேட்கும், சிங்கிள் காயில் குழியிலேயே உட்காரும்.

கல்யாணிக்காரி:
ஸ்டேக்கை நானும் கேட்டிருக்கிறேன். கிட்ட வருகிறது, அதே ஒலி இல்லை. வாங்கும் முன் உங்கள் ஆம்ப்பிலேயே வாசித்துப் பாருங்கள்.

மீட்டர்பெட்டி:
பிக்கப் எதுவானாலும் ஆம்ப் சொருகும் பிளக்பாயின்ட்டில் எர்த் இருக்கிறதா என்று இந்த வாரமே ஓர் எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுப் பாருங்கள் தம்பி. பழைய வீடுகளில் மூன்றாவது ஓட்டை இருக்கும், பின்னால் வயர் இருக்காது. அப்படிப்பட்ட இடத்தில் ஒரு கை தந்தியிலும் வாய் மைக்கிலும் பட்டால் ஷாக் அடிக்கலாம்.